மோனிஷாவுக்கு ஹெட் ஆபீஸ் வேண்டாம், மாமா

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

பெருமதிப்பிற்குரிய மாமா நாச்சிமுத்து அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் கோகிலவாணி கால்தொட்டு வணங்கி எழுதிக்கொள்வது. வெண்ணந்தூரில் தாங்களும், வள்ளியாத்தாள் அத்தையும், இரண்டு எருமைகளும், வாழப்பாடியில் தங்கள் மகன் சிவபிரகாஷ், மருமகள் மோனிஷா, பேரன் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். எனக்கு முதுகுவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஐந்து லிட்டர் கேனைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். உங்கள் மாப்பிள்ளை பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஞாயித்துக்கெழமையுமா ஆபீசு?" என்றார். அப்புறம்தான் நினைவு வந்தது. பழகிப்போன கை, மாமா. உங்கள் அக்கா மகள் வேலை பார்ப்பது எந்தக் கம்பெனி? ராஜஸ்தானிலிருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் ரிக் வண்டிகளை அனுப்பி, போர் போட்டு, ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற கம்பெனி. அதன் தலைமை அலுவலகத்துக்குத்தான் நான் தினமும் வீட்டிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். முதுகுவலியின் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போடாமல் பேசுவதில்லை. போன தடவை என் முழங்கால் வலியைச் சொன்னபோது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் தைலம் சொன்னார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தைலம் நன்றாகத்தான் கேட்டது, அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் இது தைலத்தில் தீருகிற விஷயம் இல்லை.

சென்ற வாரம் நீங்கள் சொன்னீர்கள்: "சாமி, நம்ம மோனிஷாவ உங்க எட் ஆபீசுல எப்படியாச்சும் உள்ள தள்ளி உட்டுரு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஊருக்குள்ள எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டேன்." முதல் இரண்டு வாக்கியங்களை நான் தாங்கிக்கொண்டேன். மூன்றாவதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. ஆகவே தலைமை அலுவலகம் என்றால் என்ன என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் உங்களுக்கு மனம் வந்தால் அந்தப் பெண்ணை அனுப்புங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அயோத்தியாப்பட்டணம் கிளையில் என் பழைய இடம் காலியாகியிருக்கிறது. இருப்பது ஒரே இடம். நாளைக்குள் எழுதிக் கொடுத்தால் எனக்கே திரும்பக் கிடைக்கும். எழுதியாகிவிட்டது, கைப்பையில் இருக்கிறது. நான் தப்பித்துப் போகப் பார்க்கிற வீட்டுக்கு நீங்கள் பெண் அனுப்பப் பார்க்கிறீர்கள்.

அயோத்தியாப்பட்டணத்தில் நான் இருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆத்தூர் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ரிக் வண்டிக்கான உதிரி பாகங்கள், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். ராய்ப்பூர் பக்கத்திலிருந்து டிரைவர் கூப்பிட்டு, "ஏனுங் மேடம், பாறையில பிட்டு போயிருச்சுங், வண்டி சும்மா நிக்குதுங்" என்றால், பாறையைக் குடைகிற அந்த இரும்புத் தலையை அன்று சாயங்காலமே பார்சல் லாரியில் ஏற்றிவிடுவேன். ஏற்றிவிட்டு, இது மாதிரி ஒரு வேலையைத் தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஒரு நாளாவது செய்திருப்பார்களா என்று கிளையில் எல்லோரும் சேர்ந்து அவர்களைத் திட்டிக்கொண்டே டீ குடிப்போம். அது ஒரு நல்ல காலம். பதவி உயர்வு என்று சொல்லி, மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, என்னை அந்தத் திட்டு வாங்குகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலைமை அலுவலகம் சங்ககிரியைத் தாண்டி, சின்னக் குன்று மாதிரி ஒரு கரட்டின் மேல் இருக்கிறது. ஐந்து மாடி, நாலு பக்கமும் கண்ணாடி. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிர்வாக மேலாளர் குருமூர்த்தி எனக்குப் பக்கத்து நாற்காலி. கையை நீட்டினால் அவர் டிபன் பாக்ஸைத் தொடலாம். அவர் என்னிடம் எந்த வேலையையும் வாயால் சொன்னதில்லை, மெயிலில்தான் சொல்வார். அனுப்பிவிட்டு, "மேடம், மெயில் பாத்தீங்களா?" என்று மட்டும் வாயால் கேட்பார். மீட்டிங்கில் எல்லோரும் எல்லோருக்கும் சார். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிட்டால் பங்காளி, மாப்ள, சித்தப்பா. ஒருமுறை மீட்டிங்கில் ஒருவர் வாய் தவறி மேலதிகாரியை "பெரியப்பா" என்று கூப்பிட்டுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவர் உண்மையிலேயே பெரியப்பாதான்.

இங்கே என் வேலை என்னவென்றால், கிளைகள் கேட்கிற உதிரி பாகங்களுக்கு ஒப்புதல் கொடுப்பது. நான் ஒரு சாயங்காலத்தில் அனுப்பிய அதே பிட்டுக்கு இப்போது மூன்று பேர் கம்ப்யூட்டரில் அப்ரூவல் கொடுக்க வேண்டும். நான் முதல் ஆள். என் பழைய கிளையில் ஸ்டோர் பார்க்கிற கலைமணி போன மாதம் கூப்பிட்டான்.

"அக்கா, நம்ம பிட்டு என்னாச்சுங்க்கா?"

"மூணாவது அப்ரூவல் நிக்குது கலைமணி."

"அந்த மூணாவது ஆளு யாருங்க்கா? நம்பரு குடுங்க, நானே பேசிக்கறேன்."

"எனக்குத் தெரியலையே."

அப்புறம், "அக்கா, இங்க இருக்கறப்ப எட் ஆபீசுக்காரங்களுக்கு நீங்க ஒரு பேரு வெச்சிருந்தீங்க, நெனப்பிருக்குதுங்களா?" என்றான்.

"கல்லுப்புள்ளையாரு."

"ஆமாங்க்கா. அந்தப் பேர இப்ப உங்களுக்கு மாத்தி வெச்சிருக்கறோம். சொல்லிரலாம்னுதான் கூப்பிட்டேன்."

கிளையில் இருந்தவரை திட்டுவதற்கு மேலே ஒரு தலைமை அலுவலகம் இருந்தது. இங்கே வந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் மொட்டைமாடிதான்.

அடுத்த தொந்தரவு சொந்தக்காரர்கள். உங்களைச் சொல்லவில்லை மாமா, மற்றவர்களைச் சொல்கிறேன். ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ரசம் விழுகிறது, அணை கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் தன் தோட்டத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எட் ஆபீசுல இருக்கறீங்களாமா, எந்த எடத்துல போரு போடலாம்னு நீங்களே ஒரு பாயிண்ட் சொல்லுங்க" என்றார். நான் பி.காம். படித்தவள். இலையில் ரசம் எந்தப் பக்கம் ஓடும் என்பதையே என்னால் கணிக்க முடியவில்லை. பந்தி நகர வேண்டுமே என்று, ஏதோ ஒரு தென்னை மரத்தின் மேல் விரலை வைத்தேன். மனிதர் நிஜமாகவே அங்கே போர் போட்டுவிட்டார். அதைவிட மோசம், தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து எனக்குக் கைராசி என்று ஒரு பேர் கிளம்பி, திருச்செங்கோடு வழியாக எங்கள் சேர்மன் காதுக்கே போய்ச் சேர்ந்தது. இந்தச் சின்ன விஷயம்தான் போன வாரம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியின் பெரிய ரகசியத்தைச் சொல்ல வேண்டும். சேர்மன் சின்னுசாமி ஐயா ரிக் வண்டியில் ஹெல்பராக ஏறி, இன்றைக்கு இத்தனை பெரிய கம்பெனியை உண்டாக்கியவர். வாஸ்து பார்த்து, ஜாதகம் பார்த்து, காற்று பார்த்து, நெடுஞ்சாலையிலிருந்து கட்டிடம் தெரியுமா என்று பார்த்து அந்தக் கரட்டை வாங்கினார். தண்ணீரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர்தான் நம்ம தொழிலாயிற்றே என்று விட்டுவிட்டார்கள். கட்டி முடித்துத் தங்கள் வண்டியையே கொண்டுவந்து போர் போட்டார்கள். புழுதி. இரண்டாவது போட்டார்கள், புழுதி. மூன்றாவதிலும் அதேதான். வெளியே தெரிந்தால் கம்பெனியின் மானம் என்னாவது? ஆகவே விடியற்காலையில் பின்பக்கக் கேட் வழியாக ஒரு டேங்கர் லாரி வரும். அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிற 'குடிநீர்' என்ற எழுத்துகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, பால் வண்டி மாதிரி உள்ளே விடுவார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றி வெளியாட்களிடம் பேசக்கூடாது என்று குருமூர்த்தி மெயில் போட்டிருந்தார்.

கீழ்த்தளத்தில் வரவேற்பறைக்கு எதிரே சுவர் அளவுக்கு ஒரு பெரிய திரை. எங்கேயாவது நம் ரிக் தண்ணீரைத் தொட்டால் அந்த வீடியோ உடனே அதில் ஓடும். பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், யாரோ ஊர்க்காரர்கள் நனைந்துகொண்டு கூத்தாடுவார்கள், நாங்கள் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். தட்டிவிட்டுக் கை கழுவப் போனால் குழாயில் காற்று வரும். பெண்கள் நாங்கள் என்ன செய்வோம்? பாத்ரூம் போக வேண்டி வரக்கூடாது என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். கேனில் கொண்டுபோவது கைகால் கழுவத்தான். எனக்கு நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனேன். "ஏம்மா தண்ணியே குடிக்கறதில்ல? எங்க வேலை பாக்கறீங்க?" என்றார். கம்பெனி பேரைச் சொன்னால் அந்த ஆள் சிரித்து ஊசியை மாற்றிக் குத்திவிடுவாரோ என்று பயந்து, "ஒரு ஸ்கூல்லங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நாலாவது போர் போடுவது என்று முடிவாயிற்று. சேர்மனின் மகள் சண்முகப்பிரியாதான் எங்கள் எம்.டி. வெளிநாட்டில் படித்தவர். அவர் ஜியாலஜிஸ்ட் ஒருவரை மெஷினோடு வரவழைத்தார். சேர்மன் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்தார். குருமூர்த்தி யார் பக்கமும் சாயாமல் வேப்பங்குச்சிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். மூவரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். அப்பாவும் மகளும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சேர்மன், "பேசறதெல்லாம் போதும் பாப்பா, பூக் கேட்டுப் பாத்துரலாம்" என்றார். கோயிலில் நாம் கேட்போமே, அதே மாதிரிதான். அலுவலகப் பிள்ளையார் முன்னால் இடத்துக்கு ஒரு நிறமாக வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அரளிப்பூப் பொட்டலம் வைத்தார்கள். பொட்டலம் எடுக்க யார் என்று கேட்டபோது சேர்மன் என்னைத்தான் பார்த்தார். "அம்மணி, ராசிபுரத்துல பாயிண்ட் சொன்னது நீங்கதானுங்களே? வாங்க, எடுங்க."

எடுத்தேன். சிவப்பு. வடகிழக்குச் சனிமூலை, தேங்காய்க்காரர் சொன்ன இடம். குருமூர்த்தி அங்கே சுண்ணாம்புத்தூளில் ஒரு பெருக்கல் குறி போட்டு, நடுவில் எலுமிச்சம்பழம் வைத்து, படம் எடுத்து, 'பாயிண்ட் முடிவானது' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். அதோடு, நாளைக்குச் சேர்மனின் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், வளாகத்தைச் சுத்தமாக வைக்கவும் என்று துப்புரவுப் பகுதிக்கும் ஒரு உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நாங்கள் கம்பெனி வேனை விட்டு இறங்கினால், ரிக் வண்டி வந்து நிற்கிறது. சனிமூலையில் இல்லை. கட்டிடத்தின் வாசலுக்கு நேர் எதிரே, அழகாகப் போட்டிருந்த ஒரு தாமரைக் கோலத்தின் நட்டநடுவில் கம்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது. எல்லோரிடமும் அந்த மெயில் இருக்கிறது, படம் இருக்கிறது. எல்லோரும் ரிக்கைப் பார்த்தோம், சனிமூலையைப் பார்த்தோம், மறுபடி ரிக்கைப் பார்த்தோம். நான் குருமூர்த்தியிடம் மெதுவாக, "சார், அந்த மூலையில இல்லீங்களா பாயிண்ட்?" என்றேன். அவர் உதட்டை அசைக்காமல், "மேல மாத்தியிருப்பாங்க மேடம். நம்மகிட்டச் சொல்லோணும்னு இருக்குதா?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சேர்மன் வந்து கற்பூரம் காட்டினார், எம்.டி. மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். வண்டி ஆபரேட்டர் மயில்சாமி லீவரைத் தள்ளினார். ஐந்து மாடிக் கண்ணாடியும் சற்று நேரத்தில் விபூதி பூசினாற்போல் ஆகிவிட்டது.

மத்தியானம் வரைக்கும் புழுதிதான். நான் மூன்றாவது மாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துப்புரவு வேலை பார்க்கிற சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மணி, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. வேல போயிருமாட்ட இருக்குதுங்க."

"என்னாச்சுங்க?"

"அந்த மூலையில சுண்ணாம்பு கொட்டிக் கெடந்துதுங்க. சுத்தமா வெக்கச் சொன்னாங்களேன்னு கூட்டித் தள்ளிட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்கன்னாங்க, சரின்னு வாசல்ல ஒரு கோலத்தப் போட்டேன். அங்க கெடந்த எலுமிச்சம்பழம் நல்ல பழமா இருந்துதுங்க, தூக்கிப்போட மனசு வரல. கோலத்து நடுவுல வெச்சுட்டேனுங்க. இப்பப் பாத்தா அதும்மேலயே வண்டிய நிறுத்தி ஓட்டறாங்க."

எனக்கு விளங்கிவிட்டது, மாமா. மேலே யாரும் எதையும் மாற்றவில்லை. கோலமும் எலுமிச்சம்பழமும் இருக்கிற இடம்தான் பூஜை போட்ட இடம் என்று மயில்சாமி நிறுத்திவிட்டார். அத்தனை படித்தவர்களும் பார்த்துக்கொண்டே நின்றோம். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினேன். வாசலைத் தாண்டி, ரிக்கின் முன்னால் போய், இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் சேறு வந்து விழுந்தது. அடுத்து இன்னும் கொஞ்சம் சேறு. அதற்கப்புறம் தண்ணீர். திரையில் பார்ப்போமே, அதே மாதிரி, பனைமர உயரத்துக்கு. தலையிலிருந்து கால்வரை நனைந்து நான் கையைத் தூக்கியபடியே நிற்கிறேன். சேர்மன் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா, அம்மணி ஓடியாந்து கையத் தூக்குனதும் தண்ணி எந்திரிச்சு வருது" என்கிறார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. வாய் நிறைய மண்.

மறுநாள் மீட்டிங். தண்ணீர் வந்துவிட்டது, பிறகு எதற்கு மீட்டிங் என்று கேட்காதீர்கள். எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஜியாலஜிஸ்ட் தன் மெஷின் காட்டிய கோடு வாசல் வழியாகத்தான் போகிறது என்றார். தேங்காய்க்காரர், சனிமூலையில் உள்ள நீரோட்டத்தின் வால்தான் அது என்றார். வேப்பங்குச்சிக்காரர், தலை என்றார். குருமூர்த்தி எனக்கு ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். எனக்குச் சென்னம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்து, அந்த அம்மாவின் வேலைக்கு ஒன்றும் வராது என்றால் நடந்ததைச் சொல்கிறேன் என்று சேர்மனிடம் கேட்டு, அவர் தலையாட்டியதும், கோலத்தையும் எலுமிச்சம்பழத்தையும் சொல்லிவிட்டேன்.

சேர்மன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப, எடம் மாறியிருக்குதுன்னு நீங்க பாத்தீங்களா அம்மணி?" என்றார் சேர்மன்.

"பாத்தேனுங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

"நான் பாப்பா மாத்துச்சுன்னு நெனச்சேன்" என்று அவர் மகளைப் பார்த்தார்.

எம்.டி. கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "அப்பா ஜோசியர்கிட்டக் கேட்டு மாத்தியிருப்பாருன்னு நான் நெனச்சேன்."

சேர்மன் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் தங்கள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள். "ஏனுங் குருமூர்த்தி, முன்னால மூணு போட்டமே, அப்பவும் இப்படித்தானுங்களா?" என்றார். குருமூர்த்தி, "ரெண்டாவது போட்ட எடத்துக்கு அடியில ஒரே கட்டிப்பாறைன்னு அஸ்திவாரம் தோண்டறப்பவே பாத்தமுங்க. ஐயாவே சொல்லியிருக்கறீங்க, நாம என்ன சொல்றதுன்னு..." என்று இழுத்தார். சென்னம்மாளை வரச் சொன்னார்கள். அவ்வளவு இடம் இருக்க வாசலில் ஏன் கோலம் போட்டாய் என்று கேட்டதற்கு, "அங்கதானுங்க கல்லு வழுவழுன்னு இருக்குது. மூலையில கரடுமுரடுங்க, தாமரை நிக்காதுங்க" என்றார். சேர்மனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குழாயில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீட்டிங் குறிப்பில், 'இடத்தேர்வு: கூட்டு முடிவு' என்று குருமூர்த்தி எழுதியிருக்கிறார். மெயில் எனக்கும் வந்தது.

இத்தோடு முடிந்ததா? வெள்ளிக்கிழமை எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்த மாதிரி மேல யாரோ பாத்துக்குவாங்கன்னு வேற எங்கெல்லாம் உட்டு வெச்சிருக்கறோம்? ஒரு பிட் அனுப்பறதுக்கு எதுக்கு மூணு பேரு? முதல்ல அந்த மூணாவது ஆளு யாருன்னு பாருங்க" என்றார். கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்து தேடினோம். மூன்றாவதாக இருந்த அதிகாரி வேலையை விட்டுப்போய் ரொம்ப நாளாகிறதாம். அவருடைய வேலையை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் சேர்ந்த புதிதில், "மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் பட்டியல் வரும், அப்படியே ஓகே அமுக்கிருங்க" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அது என்ன பட்டியல் என்று நான் கேட்கவில்லை. வாரம் தவறாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் நான்தான், மாமா. திங்கட்கிழமை நான் ஒப்புதல் கொடுத்த பிட்டு, வெள்ளிக்கிழமை நான் அமுக்கும்வரை எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு மேல் அங்கே இருந்து என்ன செய்ய? கலைமணி வைத்த பேர் சரியாகத்தான் இருக்கிறது. நல்ல மனுஷியாக ஒரு தகரக் கொட்டகையில் இருந்தவளையே இப்படி ஆக்கிவிட்ட இடம், உங்கள் மருமகளை என்ன செய்யுமோ. தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்பீர்கள். தீர்ந்தது உண்மை. எங்கள் மாடிப் பெண்கள் இரண்டு நாளாகக் குடம் குடமாகக் குடித்துவிட்டு, வரிசையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு என் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். அடுத்த மாதம் முதல் அயோத்தியாப்பட்டணம்தான். மோனிஷாவுக்கு வாழப்பாடியிலேயே ஏதாவது நல்ல இடமாகப் பார்ப்போம். ஊருக்குள் சொன்னதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வெண்ணந்தூருக்கு அடுத்த வாரம் பேச வேறு விஷயம் கிடைத்துவிடும்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பையனுக்கு ஆயிரம் முத்தம். தாங்கள் சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு, நீண்ட ஆயுளோடு எங்களுக்கெல்லாம் ஆசி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மருமகள்,
கோகிலவாணி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டுவதற்குள் மோனிஷா போன் செய்தாள். ஏதோ ஒரு கடைக்குப் பின்னால் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது, குரலே எழும்பவில்லை. "அக்கா, எனக்கு எட் ஆபீசு வேண்டாங்க. போக வர நாலு மணி நேரம் ஆகும், பையன் தூங்கினதுக்கப்புறம்தான் ஊட்டுக்கு வருவேன். சாயங்காலம் பால்வாடியில போயி அவனைக் கூட்டியாற தூரத்துல ஒரு வேல இருந்தாச் சொல்லுங்க. மாமாகிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருக்குதுங்க, நீங்களே பதமாச் சொல்லிருங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவளை ஒன்றும் கேட்காதீர்கள்.

வாழப்பாடியில் பஸ் ஏறினால் அயோத்தியாப்பட்டணம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பி.காம். படித்த பெண், கணக்கு நன்றாகப் போடுவாள், கலைமணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இருப்பதோ ஒரே இடம். அவள் போனை வைத்த பிறகு வெகு நேரம் யோசித்தேன். நான் அங்கே திரும்பிப் போனால் மறுபடி நல்ல மனுஷியாகிவிடுவேன், ஆனால் இங்கே அந்தப் பட்டியலை வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் அமுக்கச் சொல்வார்கள். அவரும் அது என்ன என்று கேட்க மாட்டார். மோனிஷாவின் வேலை ஆர்டரில் தலைமை அலுவலக முத்திரைதான் குத்துவோம், ஆகவே ஊரில் நீங்கள் சொன்ன பேச்சும் முழுப் பொய்யாகிவிடாது.

கைப்பையில் இருந்த என் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நாளைக்குக் காலை அந்த இடத்துக்கு மோனிஷாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, நான் மூன்றாவது மாடிக்கே போகிறேன். உங்கள் மாப்பிள்ளை நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலைக்கு வரப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார். அவருக்கு இன்னும் தெரியாது.